மடிக்கணினியில் வைஃபை இணைப்பு அடிக்கடி அறுபடுவது ஏன்?

கிராமப் பஞ்சாயத்துக் காரியாலயங்களின் வேலைகளில் பெரும் பகுதி இன்று இணையத்தின் வழியாகவே நடைபெறுகிறது. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் பெறுவது, பஞ்சாயத்தின் வரவு செலவைப் பதிவு செய்வது, கட்டட அனுமதி வழங்குவது ஆகியவற்றுக்கெல்லாம் கணினி வேண்டியிருக்கிறது. விவசாயிகளுடைய காரியங்களும் அவ்வாறே. சிட்டா நகல் எடுப்பதும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்கு முன்பதிவு செய்துகொள்வதும், பயிர் இன்ஷூரன்ஸுக்குப் பிரீமியம் கட்டுவதும் மடிக்கணினியின் முன் அமர்ந்து செய்ய வேண்டிய வேலைகளாகிவிட்டன.

இந்நிலையில், விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிக்கொண்டிருக்கும்போதே திரையின் மூலையிலுள்ள வைஃபை அடையாளம் மறைந்துவிடுகிறது. ஓரிரு நிமிஷங்களில் அது தானே திரும்பி வந்தாலும், நிரப்பியது யாவும் அழிந்திருக்கும். கைபேசிக்கு வந்த ஓடிபி எண்ணும் காலாவதியாகியிருக்கும். மேலூர்ப் பக்கத்திலோ உசிலம்பட்டிப் பக்கத்திலோ உட்கிராமத்திலிருந்து ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தவர், நாளைக்கு வாருங்கள் என்ற பதிலைப் பெற்றுத் திரும்புகிறார். இன்ஷூரன்ஸ் பதிவின் கடைசி நாளன்று இவ்வாறு நேருமாயின், அவ்விவசாயி ஒரு போகத்துக்குரிய பாதுகாப்பையே இழக்கக் கூடும்.

இத்தகைய தொல்லை சில மாதங்கள் நீடித்ததும், மடிக்கணினி பழுதாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று கூட்டத்தில் பேச்சு எழுகிறது. வாங்கியும் விடுகிறார்கள். புதிய கணினியிலும் அதே தொல்லை தொடர்வதைக் கண்ட பிறகே, பழுது வேறெங்கோ இருக்கிறது என்பது விளங்குகிறது. பொதுப் பணம் இவ்விதம் வீணாவதைத் தவிர்ப்பதற்கு இன்ஜினீயர் படிப்பு வேண்டியதில்லை. முறையாகச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும். அம்முறையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் தாமே கைக்கொள்ளத்தக்க வகையில் இங்கே விளக்குவோம்.

மடையும் வாய்க்காலும்

கண்மாயில் தண்ணீர் இருந்தும் கடைமடை வயலுக்கு அது வந்து சேரவில்லையென்றால், அனுபவமுள்ள விவசாயி வயலைக் குறை கூறமாட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையிலிருந்து தொடங்கி, தலைவாய்க்கால், கிளைவாய்க்கால் என்று ஒவ்வொரு பகுதியாக நடந்து பார்த்துக்கொண்டு வருவார். எந்த இடம் வரை தண்ணீர் ஓடுகிறதோ, அதற்கு அடுத்த பகுதியில்தான் உடைப்போ அடைப்போ இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

இணையமும் அவ்வாறே நான்கு பகுதிகளைக் கடந்து மடிக்கணினிக்கு வந்து சேர்கிறது. முதலாவது, வெளியிலிருந்து காரியாலயம் வரை வரும் கம்பி. பெரும்பாலும் இது கண்ணாடி இழைக் கம்பி; கிராமங்களில் ஃபைபர் கேபிள் என்கிறார்கள். 2011ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கி, பின்னர் பாரத்நெட் என்று பெயரிட்ட திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டில் 12,525 கிராமப் பஞ்சாயத்துக்களை இவ்விழையால் இணைக்கும் பணி தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாவது, அக்கம்பி வந்து முடியும் பெட்டியும், அதனோடு சேர்ந்த ரூட்டர் என்னும் பெட்டியும். ஒளியாக வரும் செய்தியை மின்சாரச் செய்தியாக மாற்றி, ரேடியோ அலையாக அறைக்குள் பரப்புவது இவற்றின் வேலை. மூன்றாவது, ரூட்டருக்கும் மடிக்கணினிக்கும் இடையிலுள்ள வெற்று வெளி. நான்காவது, மடிக்கணினியே.

இவற்றுள் எந்தப் பகுதியில் பழுது என்று கண்டுபிடிப்பதற்கு எளிய உபாயம் ஒன்று உண்டு. மடிக்கணினியையும் ஒரு கைபேசியையும் அருகருகே வைத்து இரண்டையும் அதே வைஃபையுடன் இணைக்க வேண்டும். கைபேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது வேறு வழியில் இணையத்தைப் பெற்று நம்மை ஏமாற்றிவிடும். அடுத்த முறை இணைப்பு அறுபடும்போது கைபேசியிலும் அறுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். மடிக்கணினியில் மட்டும் அறுபட்டால் பழுது பெரும்பாலும் மடிக்கணினியில்தான். இரண்டிலும் ஒரே வேளையில் அறுபட்டால் மடிக்கணினி குற்றமற்றது. அதன்மேல் செலவு செய்ய வேண்டியதில்லை.

இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். வைஃபை அடையாளமே மறைந்துவிட்டால், ரூட்டருக்கும் கணினிக்கும் இடையே தொடர்பு இல்லை என்று பொருள். அடையாளம் அப்படியே இருந்து, இணையம் மட்டும் வரவில்லையென்று கணினி தெரிவித்தால், ரூட்டர் வரை எல்லாம் செவ்வனே இருக்கின்றன. பழுது ரூட்டருக்கு அப்பால், கம்பியில் இருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல், நெட் இல்லை என்று பொதுப்படச் சொல்வதனாலேயே பழுதுபார்க்க வருபவர் தவறான இடத்தில் தேட நேரிடுகிறது.

மேலூரும் தேனியும் கற்பித்தவை

கம்பியில்லா இணையம் மதுரைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் புதியதன்று. 2001ஆம் ஆண்டிலேயே மேலூர் தாலுகாவின் கிராமங்களில் இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறையின் மூலம் அவை இணைக்கப்பட்டிருந்தன. விநாடிக்கு 70 கிலோபிட் வேகந்தான் அப்போது கிடைத்தது. இன்று ஒரு சாதாரணக் கைபேசி பெறும் வேகத்தில் அது ஓர் இம்மியளவே. ஆயினும் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிப்பதற்கும், நோயாளியின் கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெறுவதற்கும் அது பயன்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அந்நிலையங்களில் பல மூடப்பட்டன. வருமானக் குறைவு முதலிய காரணங்களோடு, பழுது நேர்ந்தபோது உடனுக்குடன் உதவி கிடைக்காமற்போனதும் ஒரு காரணம் என்று அவற்றை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இதற்குப் பின் தேனியில் நடந்த முயற்சி நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனைக்குத் தேனியிலும் ஒரு கிளை உண்டு. அதனைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறு கண் பரிசோதனை நிலையங்கள் அமைத்து, அங்கு வரும் நோயாளியைத் தேனியிலுள்ள டாக்டர் திரையில் கண்டு பேசும் ஏற்பாட்டை 2005, 2006ஆம் ஆண்டுகளில் செய்தார்கள். அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இதற்குத் துணை நின்றார்கள். அவர்கள் உபயோகித்தவை விலையுயர்ந்த கருவிகளல்ல. நம் காரியாலயத்தில் இருப்பது போன்ற வைஃபை கார்டுகளே. ஆனால், உயர்ந்த கோபுரங்களில் திசை நோக்கும் ஆன்டெனாக்களைப் பொருத்தி, 15 கிலோமீட்டர் தூரம் வரை இணைப்பை எட்டச் செய்தார்கள்.

முதலில் இணைப்பு சரிவர நிற்கவில்லை. காரணம் சுவையானது. வைஃபை கருவி ஒவ்வொரு செய்தித் துண்டையும் அனுப்பியதும், கிடைத்தது என்ற பதிலுக்காகச் சிறிது காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு நேரம் சில நூறு மீட்டர் தூரத்தை எண்ணி வகுக்கப்பட்டது. ரேடியோ அலை விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும், 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப, விநாடியின் பத்து லட்சத்தில் நூறு பங்கு ஆகிறது. அதற்குள் பொறுமையிழந்த கருவி, செய்தி தொலைந்ததாகக் கருதி மீண்டும் அனுப்பும். பதிலும் மறு செய்தியும் ஒன்றோடொன்று மோதி இரண்டும் கெடும். இதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் நம் விவசாயிகளுக்கு நன்கு தெரிந்ததே. தண்ணீர் குறைந்த காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவது போல, இன்ன நேரம் இந்த முனை பேச வேண்டும், இன்ன நேரம் அந்த முனை பேச வேண்டும் என்று முறை வகுத்துவிட்டார்கள். மோதல் நின்றது.

எனினும் நம் கவனத்துக்குரியது அடுத்து வந்த பாடமே. 2008இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், இணைப்பு நின்றுபோனதற்குப் பெரிதும் பொறுப்பானது ரேடியோ அலையன்று, மின்சாரமே என்று எழுதினார்கள். மின்னழுத்தம் ஒரு சமயம் மிகத் தாழ்வதையும், மற்றொரு சமயம் கண நேரத்துக்குப் பன்மடங்கு எழும்புவதையும் அவர்களுடைய கருவிகள் பதிவு செய்தன. எழுச்சியினால் அடாப்டர்கள் கருகின. தாழ்வினாலோ, ரூட்டர் முழுவதும் அணையாமலும் சரியாக வேலை செய்யாமலும் அரைகுறையாக நின்றுவிடும். யாரேனும் வந்து அணைத்து மீண்டும் ஏற்றும்வரை அப்படியே கிடக்கும். விளக்கு எரிவதைப் பார்ப்பவர்கள் ரூட்டர் நன்றாயிருக்கிறது என்றே எண்ணுவார்கள்.

மின்சாரத்தை முதலில் பாருங்கள்

ஆகையால் இரண்டு கருவிகளிலும் ஒரே வேளையில் இணைப்பு அறுபடுகிறதென்றால், வேறெதையும் தொடுவதற்கு முன் மின்சாரத்தைக் கவனிக்க வேண்டும் என்பது நம் கருத்து. வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்துக் கிராமங்களிலும், மற்ற சமவெளிப் பகுதிகளிலும், விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் வந்ததும் பல பம்ப்செட்டுகள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஓடத் தொடங்கும். அந்தக் கணத்தில் காரியாலயத்தின் குழல் விளக்கு மங்கிப் பின் தெளிவதைக் காணலாம். அதே கணத்தில் ரூட்டரின் விளக்குகள் யாவும் அணைந்து ஒவ்வொன்றாக மீண்டும் எரிகின்றனவா என்று பாருங்கள். ரூட்டர் ஒரு முறை விழித்தெழ இரண்டு மூன்று நிமிஷங்களாகும். இணைப்பு போய், இரண்டு மூன்று நிமிஷங்களில் தானே வருகிறது என்ற புகார் எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் இதனையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடாப்டரும் முதுமையடையும். அதன்மீது 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று அச்சிட்டிருந்தாலும், மூன்று நான்கு கோடைகளின் சூட்டில் உள்ளிருக்கும் கன்டென்சர்கள் வலுவிழந்துவிடுகின்றன. பின்னர் சிறு தாழ்வையும் அது தாங்குவதில்லை. ரூட்டரின் அடியில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளுக்குப் பொருந்திய வேறொரு அடாப்டரை இரவல் வாங்கி இரண்டு நாட்கள் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் குறையாதிருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் போர்டில் பிளக் தளர்ந்து ஆடுவதும் சாதாரணமான பழுதே. மின்விசிறிக்கும் ரூட்டருக்கும் ஒரே சுவிட்சு அமைந்திருப்பதைச் சில காரியாலயங்களில் காணலாம். காற்றுக்காக ஒருவர் விசிறியைப் போடுவதும் மற்றொருவர் அணைப்பதுமாக இருந்தால், வைஃபை எப்படி நிற்கும்?

இதற்கு நிலையான பரிகாரம் ரூட்டருக்கென்றே விற்கப்படும் சிறிய யூ.பி.எஸ். 12 வோல்ட் ரூட்டர்களுக்கான இக்கருவி உள்ளங்கையளவே இருக்கும். மதுரைக் கடைகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். மின்சாரம் தாழ்ந்தாலும் நின்றாலும் சில மணி நேரம் தாங்கும். கம்பி வந்து முடியும் பெட்டியும் ரூட்டரும் தனித்தனியாக இருந்தால், இரண்டுக்கும் யூ.பி.எஸ். இணைப்பு தேவை. ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் பயனில்லையென்று சொல்வது சரியன்று. புதிய மடிக்கணினி வாங்குவதற்கு ஆகும் தொகையோடு இச்செலவை ஒப்பிட்டுப் பார்க்கும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ரூட்டர் இருக்க வேண்டிய இடம்

மின்சாரத்தில் குறையில்லையென்றால், அடுத்து வெற்று வெளியை ஆராய வேண்டும். வைஃபை அலைகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டு அலைவரிசைகளில் செல்கின்றன. முன்னதை லைசென்ஸ் இன்றி யாரும் உபயோகிக்கலாம் என்று இந்திய அரசு 2005இல் அனுமதித்தது. பின்னதன் பெரும் பகுதிக்கு 2018இல் அனுமதி கிடைத்தது. முன்னது வேகம் குறைந்தது, சுவர்களை ஓரளவு ஊடுருவும். பின்னது வேகம் மிக்கது, ஆனால் ஒரு கனமான சுவரைத் தாண்டியதும் தளர்ந்துவிடும்.

இவ்வலைகளுக்கு இரும்பு பெரும் பகை. ரூட்டர் திருட்டுப் போய்விடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அதனை இரும்புப் பீரோவினுள் வைத்துப் பூட்டுவதுண்டு. ரேடியோப் பெட்டியைப் பானைக்குள் வைத்து மூடிவிட்டுப் பாட்டுக் கேட்க நினைப்பது போன்றதே அது. தகரக் கூரையும், கம்பி நிறைந்த கான்கிரீட் தளமும் அலைகளைத் தடுக்கும். தண்ணீர் அவற்றை உறிஞ்சும். ஆதலால் ரூட்டருக்கும் மேஜைக்கும் இடையே தண்ணீர்த் தொட்டியோ, கூடி நிற்கும் ஜனங்களோ இருந்தால் அலை பலவீனப்படும். மனித உடலில் பெரும் பங்கு நீரல்லவா? காலையில் ஆளில்லாத வேளையில் நன்றாயிருந்த இணைப்பு, கூட்டம் சேர்ந்ததும் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ரூட்டரை, கணினி வைத்துள்ள அறையிலேயே, ஆள் உயரத்துக்குச் சற்று மேலாக, சுவரில் திறந்த இடத்தில் பொருத்துவது உத்தமம்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்திலும், ஈ-சேவை மையத்திலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ரூட்டர்கள் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 13 சேனல்கள் உள்ளன என்றாலும், ஒன்றின்மேல் ஒன்று படியாதவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். எல்லோரும் ஒரே சேனலில் பேசினால், சந்தைக்கடையில் பேசுவது போல ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எந்தச் சேனலில் இருக்கின்றன என்று காட்டும் இலவசச் செயலிகள் கைபேசியில் கிடைக்கும். குறைந்த நெருக்கடியுள்ள சேனலைத் தேர்ந்தெடுத்து, ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் அதனை நிலையாக வைத்துவிடலாம். தானியங்கித் தேர்வில் விட்டிருந்தால், ரூட்டர் அவ்வப்போது சேனலை மாற்றிக்கொள்ளும்; மாற்றும் ஒவ்வொரு முறையும் இணைப்பு ஒரு கணம் அறுபடும்.

இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதும் தொல்லை தருவதுண்டு. மடிக்கணினி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டேயிருக்கும். இரண்டுக்கும் வெவ்வேறு பெயரிட்டு, தூரத்திலுள்ள மேஜைக்கு 2.4ஐயும் அருகிலுள்ளதற்கு 5ஐயும் நிலையாகக் கொடுத்தால் தாவல் நிற்கும். 2011 முதல் மாணவர்களுக்கு அரசு இலவசமாக வழங்கியவை போன்ற பழைய மடிக்கணினிகள் சிலவற்றில் 2.4 மட்டுமே வேலை செய்யும். அவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே தெரியாது. இதனைக் கோளாறு என்று கொள்ளலாகாது.

பாஸ்வேர்டைச் சுவரில் எழுதிவைக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். திண்ணையில் அமர்ந்து இருபது முப்பது பேர் கைபேசியில் சினிமாப் பார்க்கும்போது, சிறிய ரூட்டர் திணறிக் காரியாலயக் கணினியைக் கைவிட்டுவிடும். பொதுஜனங்களுக்கு வைஃபை கொடுப்பது நற்காரியமே. அதற்கு ரூட்டரில் விருந்தினர் இணைப்பு என்று தனியே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ஃபைபர் இல்லாத இடங்களில் சிம் கார்டு போட்ட ரூட்டரையோ, கைபேசியின் ஹாட்ஸ்பாட்டையோ நம்பியிருக்கிறார்கள். இங்கே இரண்டு விஷயங்களைக் கருத வேண்டும். செல்போன் கோபுரத்துக்கும் ஊருக்கும் இடையே யானைமலையோ நாகமலையோ அழகர்மலையோ குறுக்கிடுமானால், பாறையை ஊடுருவி அலை வராது. ரூட்டரைக் கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய ஜன்னலில் வைத்தால் ஓரளவு பயன் கிடைக்கும். இரண்டாவதாக, பல கைபேசிகள் சில நிமிஷ நேரம் யாரும் உபயோகிக்காவிட்டால் ஹாட்ஸ்பாட்டைத் தாமே அணைத்துவிடும். அமைப்பில் அதனை மாற்றிவிட வேண்டும்.

மடிக்கணினியில் பழுது இருந்தால்

கைபேசியில் இணைப்பு நின்று, மடிக்கணினியில் மட்டும் அறுபடுகிறது என்று உறுதிப்பட்ட பின்னரே கணினியைத் தொட வேண்டும். அப்போதும் பெரும்பாலானவை செலவில்லாத பரிகாரங்களே.

மிகச் சாதாரணமான காரணம் சிக்கன உணர்ச்சி! பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, விண்டோஸ் கணினி சற்று ஓய்வு கிடைத்ததும் வைஃபை பாகத்தின் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. சில கணினிகளில் அது திரும்ப எழுவதில்லை. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற தலைப்பின் கீழ் வைஃபை பாகத்தைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இதனை அணைக்கலாம் என்ற வாசகத்துக்கு முன்னுள்ள குறியை எடுத்துவிட வேண்டும். சில புதிய கணினிகளில் இப்பக்கம் இராது. அவற்றில் பவர் அமைப்பை முழுத் திறனுக்கு மாற்றி வைக்கலாம்.

அடுத்து, சேமித்து வைத்துள்ள இணைப்பை மறக்கச் செய்து, பாஸ்வேர்டைப் புதிதாகக் கொடுத்து இணைக்க வேண்டும். பின்னர், வைஃபை பாகத்தை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருளை, அக்கணினியைச் செய்த கம்பெனியின் தளத்திலிருந்து பெற்றுப் புதுப்பிக்கலாம். கம்ப்யூட்டர் படித்த இளைஞர் ஊரில் இருப்பார். அவரிடம் டபிள்யூலேன் ரிப்போர்ட் எடுத்துத் தரும்படி கேட்டால், கடந்த மூன்று நாட்களில் இணைப்பு எந்தெந்த நேரத்தில், என்ன காரணத்தால் அறுபட்டது என்று விண்டோஸே எழுதிவைத்துள்ள அறிக்கையை எடுத்துக் கொடுப்பார். பலர் அறியாத அரிய வசதி இது.

திரை மூடியை அசைக்கும்போதெல்லாம் இணைப்பு போகிறதா என்றும் சோதியுங்கள். மடிக்கணினியின் ஆன்டெனா திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கிறது. அதன் மெல்லிய கம்பி கீல் வழியாகக் கீழே வருகிறது. கீல் தளர்ந்த கணினியில் அக்கம்பி நைந்து போயிருக்கும். இதற்காகக் கணினியையே மாற்ற வேண்டியதில்லை, யூ.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய வைஃபை கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

பழைய கணினிகளில் வேறொரு மயக்கமும் உண்டு. உள்ளிருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். தேதி தவறாயிருந்தால் அரசாங்கத் தளங்களும் பாங்குத் தளங்களும் பாதுகாப்பைக் கருதித் திறக்க மறுக்கும். இணைப்பு முழுமையாக இருந்தும், நெட் இல்லை என்று எண்ணிக்கொண்டிருப்போம்.

இவையனைத்தையும்விட நேரான வழி ஒன்றுள்ளது. பஞ்சாயத்தின் முக்கிய வேலைகள் நடைபெறும் ஒரு மேஜைக்கு, ரூட்டரிலிருந்து லான் கேபிளை இழுத்து மடிக்கணினியில் செருகிவிடலாம். துளை இல்லாத கணினிக்கு அதற்கான இணைப்பான் உண்டு. பத்து மீட்டர்க் கம்பிக்கு ஆகும் செலவு சொற்பம். காற்றில் அறுபடுவது கம்பியில் அறுபடாது. மடிக்கணினி என்பதற்காக அதனை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நியதி இல்லையே.

தெருவில் அறுபடும் இழை

கம்பி முடியும் பெட்டியில் பான் என்ற விளக்கு பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். லாஸ் என்ற விளக்கு சிவப்பாகக் கண் சிமிட்டினால், வெளியே எங்கோ இழை அறுந்திருக்கிறது, அல்லது அளவுக்கு மீறி வளைந்திருக்கிறது. எலியும் அணிலும் கடிப்பதுண்டு. ஆனால், குடிநீர்க் குழாய்க்கோ சாக்கடைக்கோ ஜே.சி.பி. கொண்டு தெருவைத் தோண்டும்போதே இழை எளிதில் அறுபடுகிறது. அவ்வேலைகளில் பல, பஞ்சாயத்தும் பஞ்சாயத்து யூனியனும் அனுமதிப்பவையே. தோண்டுவதற்கு முன் இழை செல்லும் வழியைக் கேட்டறிந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டும்படி ஒப்பந்தக்காரருக்கு நிபந்தனை விதிப்பது அங்கத்தினர்களின் கையில் இருக்கிறது. அறுந்த முனையை யாரும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கலாகாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குப் புலப்படாது. கண்ணுக்குத் தீங்கு செய்யும்.

ஒரு நாற்பது பக்க நோட்டை ரூட்டரின் அருகே தொங்கவிட்டு, இணைப்பு அறுபட்ட நாள், மணி, அப்போது மின்சாரம் இருந்ததா, எந்த விளக்கு எரிந்தது, கைபேசியிலும் அறுபட்டதா என்ற விவரங்களை ஒரு வார காலம் எழுதி வர வேண்டும். நாள்தோறும் ஒரே மணிக்கு அறுபடுவது தெரிந்தால் பம்ப்செட்டைச் சந்தேகிக்கலாம். மழை நாட்களில் மட்டுமென்றால் வெளிக் கம்பியின் மூட்டுகளில் நீர் புகுந்திருக்கலாம். ஒழுங்கே இல்லாமலிருந்தால் அடாப்டரையும் மூடியின் கீலையும் பார்க்கலாம். இந்நோட்டைக் காட்டிப் புகார் செய்தால், பழுதுபார்ப்பவர் தக்க கருவியுடன் ஒரே நடையில் வந்து முடிப்பார்.

ஐப்பசி மாத அடைமழைக்கு முன்னும், கோடை மழையின்போதும் மதுரைச் சமவெளியில் மாலை வேளைகளில் கடும் இடி இடிக்கும். கண்ணாடி இழையின் வழியே மின்னல் பாயாது. ஆனால் அடாப்டரின் வழியேயும், வெளியிலிருந்து வரும் செம்புக் கம்பிகளின் வழியேயும் வரும். இடி முழக்கம் கேட்டதும், சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையே கழற்றிவிட வேண்டும். இடி ஓய்ந்து அரை மணி சென்றபின், முதலில் கம்பி முடியும் பெட்டியையும், அதன் பச்சை விளக்கு நிலைத்த பிறகு ரூட்டரையும், இரண்டு நிமிஷம் கழித்து மடிக்கணினியையும் ஏற்றுவது முறையாகும்.